மின்னும் மணிக்கு இரண்டு படம்

சிங்கப்பூரின் காத்தோங் பக்கம் போனால் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் மணிச்செருப்புகளைப் பார்க்கலாம். குடியேறிய வணிகர்களும் உள்ளூர்ப் பெண்களும் மணந்து உருவான பெரனாக்கன் சமூகப் பெண்களின் 'காசுத் மானிக்' இவை. சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியில் கடுகளவு கண்ணாடி மணிகளை ஒவ்வொன்றாகத் தைத்து ரோஜாவும் பறவையும் வரவழைப்பார்கள். பழைய ஜோடிகளின் நூல் இற்றுப்போயிருக்கும். தொட்டால் மணி உதிரும். அதனால்தான் அரும்பொருளகங்கள் இத்தகைய பொருள்களை மின்னிலக்கமாக்குகின்றன. ஒருமுறை கவனமாகப் படமெடுத்துவிட்டால், ஆய்வுக்கென்று அடிக்கடி வெளியே எடுக்க வேண்டியதில்லை.

முப்பரிமாண வடிவம் வேண்டுமென்றால், செருப்பைச் சுற்றிச் சுற்றி நூற்றுக்கணக்கில் படம் எடுப்பார்கள். அடுத்தடுத்த படங்களில் பாதிக்கு மேல் ஒரே பகுதி வர வேண்டும். எந்தப் புள்ளி எந்தப் படத்தில் எங்கே விழுந்திருக்கிறது என்று மென்பொருள் ஒப்பிட்டு வடிவத்தைக் கணக்கிடும். ஃபோட்டோகிராமெட்ரி என்பது இதுதான். கண்ணாடி மணியிடம் இந்த வித்தை தடுமாறும். கேமரா நகர்ந்தால் மணியில் மின்னும் ஒளியும் இடம் மாறும். மென்பொருளோ அதை அசையாப் புள்ளி என்று நம்பிவிடும். விளக்கின் முன் ஒரு போலரைசர் வடிகட்டி, லென்ஸின் முன் அதற்குச் செங்குத்தாக இன்னொன்று வைத்தால் பளபளப்பு அடங்கி நிறம் தெளிவாகத் தெரியும். ஆனால் பளபளப்பு போன மணிச்செருப்பு என்ன அழகு? எனவே வடிகட்டி இல்லாமலும் எடுத்துவைப்பது நல்லது. பக்கத்தில் நிற அட்டையும் அளவுகோலும் இருக்க வேண்டும்.

இவ்வளவு செய்தும், கூடவே விவரக்குறிப்பு இல்லையென்றால் அது வெறும் அழகான படம்தான். யார் தைத்தது, யார் கல்யாணத்துக்கு, எந்த ஊர்? என்னைக் கேட்டால், கேமராவைவிட இந்தக் கேள்விகளுக்குத்தான் அதிகம் செலவிட வேண்டும்.

தமிழர்களான நமக்கும் இந்தப் பெரனாக்கன் மரபில் பங்குண்டு. தமிழ் வணிகர்களின் வழிவந்து, மலாய் பேசியபடி இந்து சமயத்தைக் கைவிடாத மலாக்கா செட்டிகளும் பெரனாக்கன்கள்தாம். 2018இல் லிட்டில் இந்தியாவின் இந்திய மரபுடைமை நிலையம் அவர்களைப் பற்றித் தனிக் கண்காட்சியே நடத்தியது. தேசிய மரபுடைமைக் கழகத்தின் 'ரூட்ஸ்' இணையத்தளத்தில் சிங்கப்பூரின் தேசியச் சேகரிப்புப் பொருள்களை வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

உங்கள் வீட்டு அலமாரியிலும் பாட்டியின் பொருள் ஏதாவது இருக்கும். படமெடுக்கும்போதே அதன் கதையையும் பாட்டியிடம் கேட்டுப் பதிவுசெய்துவிடுங்கள்.