வேலை கற்பித்த நெறிகள்

வாழ்க்கைக்கு நெறி வேண்டும் என்பதை யாவரும் ஒப்புக்கொள்வர். அதனை எங்கே பெறுவது என்பதுதான் வினா. பெற்றோரும் ஆசிரியரும் சொல்லித்தந்த நல்லுரைகளுக்கு நம்மிடையே குறைவில்லை. ஆயினும், ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்றாற்போல, அவற்றுட் பல நெருக்கடி வேளையிலே கைகொடுப்பதில்லை. ஒருவர் தாம் செய்யும் வேலையிலே இடர்ப்பட்டுக் கண்டுகொண்ட நெறியே அவரை விட்டு நீங்காது நிற்கும். இதற்கு டாக்டர் உ. வே. சாமிநாதையரின் வாழ்க்கை நல்லதொரு சான்றாகும்.

1855ஆம் ஆண்டிலே பிறந்த ஐயர், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங்கேட்டவர். 1880ஆம் ஆண்டிலே கும்பகோணம் கல்லூரியிலே தமிழாசிரியரானார். அவ்வாண்டிலேயே, அவ்வூரில் முனிசீப்பாயிருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். என்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் வினவ, அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என ஐயர் நீண்ட பட்டியல் சொன்னார். முதலியாருக்கு அது நிறைவு தரவில்லை. சீவகசிந்தாமணி படித்ததுண்டோ என்று கேட்டார். ஐயர் படித்ததில்லை.

புதிதாக ஆசிரியப் பதவி பெற்ற இருபத்தைந்து வயது இளைஞருக்கு இக்கேள்வி கசக்கவே செய்யும். நாம் படியாத நூலால் என்ன பயன் என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஐயர் ஒதுக்கவில்லை, முதலியார் தந்த பிரதியைப் பெற்றுப் படிக்கலானார். நமது அறிவின் எல்லையைக் காட்டும் கேள்வியைப் பகையாகக் கொள்ளாமை அவர் கண்ட முதல் நெறி.

சிந்தாமணி சமண காவியம். சைவச் சூழலிலே கற்ற ஐயருக்கு அதிலுள்ள சமயக் கருத்துக்கள் விளங்கவில்லை. கும்பகோணத்திலே வாழ்ந்த சமணர் இல்லத்தை நாடிச் சென்றார். தாம் வியந்து புரட்டும் நூலை அவர்கள் வழிவழியாகப் பாராயணஞ் செய்துவருவதை அங்கே கண்டார். கல்லூரி ஆசிரியர் மாணாக்கர்போல அமர்ந்து ஐயங்களைக் கேட்டறிந்தார். அறிந்தவர் எச்சமயத்தவராயினும், பட்டம் பெறாதவராயினும், அவரிடஞ் சென்று கேட்டல் இரண்டாவது நெறி.

மூன்றாவது நெறியை ஏடுகளே கற்பித்தன. ஓர் ஏட்டிலுள்ள பாடம் மற்றோர் ஏட்டிலே இராது. சிலவிடங்களிலே எழுத்துச் சிதைந்து பொருள் தொடராது. செய்யுள் இயற்ற வல்ல ஐயருக்கு அவ்விடங்களைத் தம் சொற்களால் நிரப்புதல் அரிதன்று. அவரோ பாடவேறுபாடுகளைக் குறித்தார். சிதைந்தவற்றைச் சிதைந்தனவென்றே காட்டினார். 1887ஆம் ஆண்டிலே சிந்தாமணியை வெளியிட்ட பின்னரும் ஆராய்ச்சியை விடாது, 1907ஆம் ஆண்டிலே திருத்திய இரண்டாம் பதிப்பைத் தந்தார். தெரியாததைத் தெரிந்ததுபோலக் காட்டலாகாது; முடிந்த வேலையையும் மீண்டும் சோதிக்க வேண்டும்.

நான்காவது நெறி துயரத்திலே பிறந்தது. ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குச் சென்றபோது, அங்கிருந்த பழைய சுவடிகள் நெய்யில் தோய்த்துத் தீயிலிடப்பட்டன என்ற செய்தியே அவருக்குக் கிடைத்தது. ஏடுகள் செல்லரித்தும் ஒடிந்தும் அழிவதை நம் நாட்டுச் சிறுப்பிட்டியிலே பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் தமது பதிப்புரையிலே சொல்லி வருந்தினார். செய்யத்தக்கதை நாளைக்கென்று வைத்தால், நாளை நாம் இருப்போம், அப்பொருள் இராது. பிற்காலத்திலே ஐயர் ஊரூராக ஓயாது அலைந்தமைக்கு இவ்வச்சமும் ஒரு காரணம் எனலாம்.

நேயர்களே, இந்நெறிகள் புலவர்க்கு மட்டும் உரியனவல்ல. நோயாளி கூறாத குறியை ஊகித்து எழுதாத வைத்தியரும், தாம் காணாத தொகையைக் கணக்கிலே புகுத்தாத கணக்கரும் ஐயர் நின்ற நெறியிலேயே நிற்கின்றனர். பக்கத்து வயற்காரரிடம் வெட்கமின்றி விளக்கங் கேட்கும் கமக்காரரும் அத்தகையவரே. அவரவர் வேலை அவரவர்க்கு ஓர் ஆசானாகும். அவ்வாசான் கற்பிக்கும்போது கவனித்திருத்தலே நம் கடமை.

1942ஆம் ஆண்டிலே மறைந்த ஐயர், தம் இறுதிக் காலத்திலே சுயசரிதம் எழுதினார். தமிழுலகு போற்றும் பெரியவராயிருந்தும், தமது படிப்புப் போதாதென்று முதலியார் உணர்த்திய அந்த நாளை அதிலே மறையாது சொல்லியிருக்கின்றார். நமக்கும் அத்தகைய கேள்விகள் வராமற் போகா. வரும்போது, கேட்டவரை வெறுப்பதற்கு முன் கேள்வியைச் சற்றே எண்ணிப் பார்ப்போமாக.