மூச்சுக் கருவி வாங்கித் தரலாமா?

மண்டபத்திலிருந்து பாம்பன் பாலத்தைக் கடந்தால் இராமேஸ்வரம் தீவு. அத்தீவின் முனையான தனுஷ்கோடிக்கும் இலங்கையின் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர் கடல் விரிந்து கிடக்கிறது. 1966 ஏப்ரலில் மிஹிர் சென் இக்கடலை 25 மணி 36 நிமிடங்களில் நீந்திக் கடந்தார். 1994இல் குற்றாலீஸ்வரன் தம் 12ஆம் வயதிலும், 2022இல் ஜியா ராய் தம் 13ஆம் வயதிலும் இச்சாதனையைப் புரிந்தனர்.

இத்தகைய செய்திகளைப் படிக்கும் நம் இல்லத்துப் பிள்ளைகளுக்கும் ஆர்வம் பிறப்பது இயல்பே. "மூச்சுப் பயிற்சிக் கருவி ஒன்று வாங்கித் தாருங்கள், வாப்பா" என்று மகன் கேட்டால் நாம் என்ன பதில் சொல்வது?

மூச்சை உள்ளிழுக்கும் வேலையை உதரவிதானமும் விலா எலும்புகளுக்கிடையே உள்ள தசைகளும் செய்கின்றன. இக்கருவியில் சுருள்வில் பொருத்திய வால்வு ஒன்று உண்டு. பலமாக இழுத்தால்தான் அது திறந்து காற்றை உள்ளே விடும். நாளொன்றுக்கு இருமுறை, முறைக்கு 30 மூச்சு என்று சில வாரங்கள் பழகுவது வழக்கமான முறை. மூச்சுத் தசைகள் மிகவும் களைத்துவிட்டால் கை கால்களுக்குச் செல்லும் இரத்த ஓட்டம் குறைகிறது. ஆகவே அத்தசைகளைப் பலப்படுத்துவதில் நியாயம் இருக்கிறது.

பலன் உண்டா? 46 ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வெளியான சுவிட்சர்லாந்து அறிஞர்களின் கட்டுரை, தாக்குப்பிடிக்கும் ஆற்றல் கூடுகிறது என்றே கூறியது. ஆனால், நன்கு பயின்ற வீரர்களைவிடப் பயிற்சி குறைந்தவர்களுக்கே பலன் அதிகம் என்றும் அது கண்டது.

நீச்சலின் நிலை சற்று வேறு. நீரின் அழுத்தம் மார்பின்மீது இருக்க, தலை திரும்பும் கணத்தில் மட்டுமே மூச்செடுக்க வேண்டும். நீச்சலே ஒரு மூச்சுப் பயிற்சிதான்! 2008இல் அமெரிக்காவில் 12 வாரம் நடந்த ஓர் ஆய்வில், நீச்சல் மட்டும் பழகியவர்களுக்கும் கருவியையும் சேர்த்துப் பழகியவர்களுக்கும் மூச்சுத் தசையின் பலம் ஏறக்குறைய ஒரே அளவில் கூடியது. 2010இல் வெளியான மற்றோர் ஆய்விலோ 100, 200 மீட்டர் தூரங்களில் சிறு முன்னேற்றம் தெரிந்தது. 400 மீட்டரில் தெரியவில்லை.

நீண்ட ஆயத்தை ஒரே மூச்சில் ஓதும் காரி, அந்த மூச்சை ஓதி ஓதியே பெற்றார். மண்டபம் கரையோரம் சங்கு குளிப்பவரும், பாசி சேகரிக்கும் பெண்களும் மூழ்கி மூழ்கியே பெற்றனர். கடல் நீச்சலும் அப்படித்தான். கருவி ஒரு துணை, அதுவே பயிற்சியாகிவிடாது.

ஆகவே பெற்றோர்களே, கையிலுள்ள பணத்தை முதலில் நல்ல பயிற்சியாளருக்கும், கூடவே வரும் படகுக்கும் செலவிடுங்கள். மிஞ்சினால் கருவியைப் பற்றி யோசிக்கலாம். ஆஸ்துமா, காதுச் சவ்வுக் கோளாறு, அண்மையில் அறுவைச் சிகிச்சை, நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசிந்த வரலாறு ஆகியவை உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் அதைத் தொடவே கூடாது. ஒருவர் வாயில் வைத்ததை மற்றவருக்குக் கொடுப்பதும் தகாது.

இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது. மூழ்குமுன் வேகவேகமாக மூச்சிழுத்துவிடும் பழக்கத்தை எக்காரணம் கொண்டும் அனுமதிக்காதீர்கள். மூச்சுத் திணறும் உணர்வே எழாமல் நீருக்குள் நினைவு தப்பிவிடும்.

மூச்சு, அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதைப் பேணி வளர்க்கும் நல்லறிவை நம் பிள்ளைகளுக்கு அவன் தந்தருள்வானாக! ஆமீன்.