'கோயெட்' என்று எழுதிய பையன்

"நேற்று கடைக்குப் போனேன்."

இதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னார் வாத்தியார்.

பையன் யோசித்தான். 'வாக்' என்றால் நட. அதோடு 'எட்' சேர்த்தால் 'வாக்ட்', அதாவது நடந்தேன். 'கோ' என்றால் போ. அதோடும் 'எட்' சேர்த்தான். 'கோயெட்' என்று எழுதிவிட்டான்.

விழுந்தது குட்டு!

"'வென்ட்' என்று எழுத வேண்டும், மடையா!"

பையன் எழுதியது தவறுதான். ஆனால் அவன் மடையன் அல்ல. இங்கிலாந்துக் குழந்தைகளும் மூன்று, நான்கு வயதில் இப்படிப் பேசுவது உண்டு. இதில் ஒரு வேடிக்கை. காதில் கேட்டபடி 'வென்ட்' என்று முதலில் சரியாகச் சொல்லிய குழந்தைதான், பிறகு 'கோயெட்' என்கிறது. 'எட்' விதியை அது கண்டுபிடித்துவிட்டது! போகப் போகத் தானே திருத்திக்கொள்ளும்.

இரவல் சொல்

'கோ' எங்கே, 'வென்ட்' எங்கே? ஒட்டும் இல்லை, உறவும் இல்லையே!

உண்மைதான். 'வெண்டு' என்று வேறொரு சொல் இருந்தது. வழியே செல்வது என்று பொருள். அதன் இறந்த காலம்தான் 'வென்ட்'. 'கோ'வோடு வழங்கிய பழைய இறந்த காலச் சொல் மறைந்துபோனது. எனவே 'வென்ட்' இரவல் வந்தது. திருப்பிக் கொடுக்கவே இல்லை!

177ல் மிஞ்சியது 98

'எட்'டுக்கு அடங்காத சொற்களை அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் கணக்கெடுத்தார்கள். 2007ல் அதை வெளியிட்டார்கள்.

பழைய ஆங்கிலத்தில் இருந்து 177 சொற்களை எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் இன்றும் அடங்காமல் இருப்பவை 98. மற்ற 79ம் 'எட்' போட்டுக்கொண்டன.

'ஹெல்ப்' அவற்றில் ஒன்று. உதவி செய் என்று பொருள். இப்போது 'ஹெல்ப்ட்' என்கிறோம். 1611ல் வெளிவந்த ஆங்கில பைபிளில் 'ஹோல்பன்' என்ற பழைய உருவம் இருக்கிறது.

தப்பியவை எவை? வாயில் அடிக்கடி புழங்குபவை. போ, வா, பார், எடு, சொல், கொடு... தினமும் காதில் விழுவது எப்படி மறக்கும்? என்றோ ஒரு நாள் பேசும் சொல்லுக்குத்தான் பழைய உருவம் மறந்துபோகும். உடனே 'எட்'டை ஒட்டிவிடுவார்கள். நம் பையன் செய்ததை ஆங்கிலேயரே 79 தடவை செய்திருக்கிறார்கள்!

நூறில் ஒரு பங்கே புழங்கும் சொல், பத்து மடங்கு வேகமாக மாறுமாம்.

தமிழில் மட்டும் என்ன? 'நட' நடந்தான் ஆகிறது. 'நில்' நின்றான், 'கேள்' கேட்டான். பட்டியல் போட்டா படித்தோம்? கேட்டுக் கேட்டு வந்தது. ஆங்கிலம் வீட்டில் காதில் விழாத பிள்ளைக்குப் பட்டியல்தான் கதி. அடிக்கடி வரும் சொற்களை முதலில் படிக்கட்டும்.

புதிதாகப் பிறக்கும் சொற்களில் கவலை இல்லை. அநேகமாக எல்லாம் 'எட்'தான். கூகுளில் தேடினால் 'கூகுள்ட்'. அங்கே பையனை யாரும் குட்ட முடியாது!