தொண்டைக்குள்ளே ஒரு காய்ப்பு!

முதல் நாள், முதல் ஷோ. ஹீரோ திரையில் தலை காட்டிய நொடியிலிருந்து விடாமல் கத்துகிறீர்கள். மறுநாள் ஆபீஸில், 'குட்மார்னிங் சார்' என்று வாயைத் திறந்தால் வெறும் காத்துதான் வருது!

"தொண்டை கட்டிடுச்சு சார்... ரெண்டு நாள்ல சரியாயிடும்!"

பெரும்பாலும் சரியாகத்தான் போகும். அது மிளகுப் பாலின் உபயமா, தொண்டைக்குக் கிடைத்த ஓய்வின் உபயமா என்று யாரும் பட்டிமன்றம் வைப்பதில்லை. சிக்கல், சரியாகாமல் போகிறவர்களுக்குத்தான். ரெண்டு நாள் ரெண்டு வாரமாகும், ரெண்டு மாசமாகும். குரல் மட்டும் அதே கரகர. போனில் பெத்த அம்மாவே, "யாருங்க பேசறது?" என்பார்.

இப்படிப்பட்டவர்களில் பலரின் குரல் நாணில் சின்னதாக ஒரு கட்டி உட்கார்ந்திருக்கும். 'கட்டி' என்றதும் பதற வேண்டாம். புற்றுநோய்க்குச் சம்பந்தமே இல்லாத சாதுவான கட்டிகள் உண்டு. ஆனால், அது சாதுதானா என்று பார்க்காமல் இருப்பதும் தப்பு, பார்த்த கையோடு, "வெட்டி எடுத்துடுங்க டாக்டர்!" என்று அவசரப்படுவதும் தப்பு.

மணிக்கு 3,60,000 அடி!

'நாண்' என்றதும் வீணைத் தந்தியைக் கற்பனை செய்யாதீர்கள். குரல்வளைக்குள் எதிரெதிரே இருக்கும் ஈரமான இரண்டு மடிப்புகள், அவ்வளவுதான். ஆண்களுக்குச் சுமார் 2 செ.மீ. நீளம். பெண்களுக்கு இன்னும் குறைவு. மூச்சு விடும்போது விலகி வழி விடும். பேசும்போது ஒன்று சேர்ந்து, நுரையீரலிலிருந்து வரும் காற்றில் படபடவென்று மோதிக்கொள்ளும்.

எத்தனை தடவை? சாதாரணமாகப் பேசும் ஆணுக்கு விநாடிக்கு 100-க்கு மேல். பெண்ணுக்குச் சுமார் 200. விநாடிக்கு 100 என்றே வைத்துக்கொண்டாலும், ஒரு மணி நேரம் நிறுத்தாமல் பேசினால் 3,60,000 மோதல்! கத்தினால் ஒவ்வொரு மோதலும் இன்னும் பலமாக விழும்.

மண்வெட்டி பிடிக்கிற கை என்ன ஆகும்? காய்ச்சுப் போகும். அதே கதைதான் இங்கேயும். இரண்டு நாண்களிலும், அதிகம் மோதுகிற இடத்தில், எதிரெதிரே ஒரு ஜோடிக் காய்ப்பு. டாக்டர்கள் இதை 'நாட்யூல்' என்பார்கள். டீச்சர்கள், பாடகர்கள், நாள் முழுக்க போனில் பேசியே சம்பளம் வாங்குகிறவர்கள் என்று குரலை வைத்துப் பிழைக்கிறவர்களைத் தேடி வரும் விருந்தாளி. இது புற்றுநோயாக மாறுவதில்லை.

இரண்டாவது, 'பாலிப்'. பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் வரும். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு தடவை அடிவயிற்றிலிருந்து கத்தியதில் மெல்லிய ரத்தக் குழாய் உடைந்துகூட இது ஆரம்பிக்கலாம். மூன்றாவது, 'சிஸ்ட்'. நாணுக்குள்ளேயே ஒளிந்திருக்கும் சின்னப் பை. சளி சுரக்கிற சுரப்பியின் வாய் அடைபட்டால் இப்படி வரும்.

பாட்டு வாத்தியார் கண்டுபிடித்த வழி

தொண்டைக்குள் இருப்பதை எப்படிப் பார்ப்பது? 1854-ல் ஒருவர் தன் குரல் நாண்களைத் தானே பார்த்தார். டாக்டர் இல்லை... பாட்டு வாத்தியார்! பெயர் மானுவல் கார்சியா. பல் டாக்டர் வைத்திருக்கும் குட்டிக் கண்ணாடியை வாய்க்குள் விட்டு, இன்னொரு கைக்கண்ணாடியால் சூரிய வெளிச்சத்தை அதன் மேல் அடித்துப் பார்த்தார். மனுஷர் 101 வயது வரை இருந்தார்.

இன்றைக்கு காது - மூக்கு - தொண்டை டாக்டரிடம் போனால் மெல்லிய கேமரா குழாய் இருக்கிறது. 'ஸ்ட்ரோபாஸ்கோப்பி' என்று ஒரு சோதனையும் உண்டு. விளக்கை விட்டு விட்டு மின்னச் செய்து, நாண்களின் படபடப்பை ஸ்லோ மோஷன் போலக் காட்டும். பழைய டியூப்லைட் வெளிச்சத்தில் ஃபேன் மெதுவாகச் சுற்றுவது போலத் தெரியுமே, அதே வித்தைதான். எந்த இடம் விறைத்திருக்கிறது என்று இதில் தெரிந்துவிடும்.

கத்தியா, பயிற்சியா?

நாட்யூல் என்றால் முதல் வைத்தியம் கத்தி இல்லை, குரல் பயிற்சி. ஸ்பீச் தெரபிஸ்ட்டிடம் சில வாரங்கள் போக வேண்டியிருக்கும். எங்கே மூச்சு எடுப்பது, தொண்டையை இறுக்காமல் எப்படிப் பேசுவது என்று எல்.கே.ஜி-யிலிருந்து ஆரம்பிப்பார். ஸ்ட்ராவைத் தண்ணீரில் விட்டு 'ஊ...' என்று ஊதச் சொல்வார். குழந்தைகள் கார் ஓட்டுவது போல உதட்டை 'ப்ர்ர்ர்' என்று அடிக்கச் சொல்வார். சிரிப்பு வரும். ஆனால், பலருக்குக் காய்ப்பு இதிலேயே கரைந்துவிடும். பேசும் முறையை மாற்றாமல் வெட்டி மட்டும் எடுத்தால்? மறுபடி மண்வெட்டி, மறுபடி காய்ப்பு!

பாலிப், சிஸ்ட் விஷயம் வேறு. சிறிய பாலிப் சில சமயம் தானாக அடங்கும். சிஸ்ட் பயிற்சிக்கு அசைவது அபூர்வம். மயக்க மருந்து கொடுத்து, வாய் வழியாகவே மைக்ராஸ்கோப் வைத்து எடுப்பார்கள். கழுத்தில் தழும்பு இருக்காது. அதன் பிறகு சில நாட்கள் மௌன விரதம். "எங்க மேனேஜருக்கும் இதே ஆபரேஷன் பண்ண முடியுமா டாக்டர்?" என்று கேட்கத் தோன்றும். கேட்க முடியாது, பேசக் கூடாதே!

இரண்டு பாடகிகள்

'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' ஜூலி ஆண்ட்ரூஸை மறக்க முடியுமா? 1997-ல் நியூயார்க்கில் அவருக்குக் குரல் நாணில் ஆபரேஷன் நடந்தது. புற்றுநோய் இல்லை. ஆனால், பாடும் குரல் திரும்பவே இல்லை. 1999-ல் வழக்குப் போட்டார். 2000-ல் சமரசத்தில் முடிந்தது.

2011-ல் இங்கிலாந்துப் பாடகி அடெலுக்கு பாலிப்பிலிருந்து ரத்தக் கசிவு. கச்சேரிகளை ரத்து செய்துவிட்டு, பாஸ்டன் நகரில் லேசர் ஆபரேஷன் செய்துகொண்டார். 2012 பிப்ரவரியில் கிராமி மேடையில் பாடி, ஒரே இரவில் 6 விருதுகளைத் தூக்கிப் போனார்.

ஏன் இந்த அபாயம் இருக்கிறது? குரல் நாணின் மேல்தோலுக்கு அடியில் ஜெல்லி போல மெத்தென்று ஒரு அடுக்கு இருக்கிறது. அது அலை அலையாக ஆடினால்தான் குரல் இனிக்கும். அங்கே தழும்பு விழுந்தால் ஆட்டம் நின்றுவிடும். அந்தத் தழும்பைச் சரிசெய்வது ரொம்பக் கஷ்டம். அதனால்தான் கத்தி வைக்கும் முன் அத்தனை யோசனை.

இதையெல்லாம் கவனியுங்க...

* அடிக்கடி 'க்ஹும்' என்று தொண்டையைச் செருமாதீர்கள். ஒவ்வொரு செருமலும் நாணுக்கு ஒரு அறை. ஒரு மடக்குத் தண்ணீர் குடியுங்கள்.

* குரல் கட்டினால் ரகசியக் குரலில் கிசுகிசுக்காதீர்கள். பலருக்கு அதுவும் தொண்டையை இறுக்கும். பேசாமல் இருப்பதே உத்தமம்.

* ராத்திரி 11 மணிக்குக் கொத்து பரோட்டா, 11.15-க்குப் படுக்கையா? வயிற்று அமிலம் மேலேறி வந்து குரல்வளையைப் புண்ணாக்கலாம். சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் நடுவே 3 மணி நேரம் விடுங்கள்.

* பைக்கில் போய்க்கொண்டே ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக் கத்துவது... போலீஸுக்கும் ஆகாது, தொண்டைக்கும் ஆகாது.

* சிகரெட் வேண்டாம். அது நாண்களை வீங்க வைக்கும். குரல்வளைப் புற்றுநோய்க்கும் முக்கியக் காரணம் அதுதான்.

சாதுவான காய்ப்பும் சரி, சாது இல்லாததும் சரி... இரண்டும் முதலில் சொல்லும் சேதி ஒன்றேதான்: கரகரப்பு. வெளியே இருந்து கேட்டு, எது என்று யாராலும் சொல்ல முடியாது. எனவே, மூணு வாரம்தான் கெடு. புகை பிடிக்கிறவர்கள், எச்சிலில் ரத்தம் பார்த்தவர்கள், விழுங்கவோ மூச்சு விடவோ சிரமப்படுகிறவர்கள், கழுத்தில் கட்டி தட்டுப்படுகிறவர்கள் அதுவரை கூடக் காத்திருக்கக் கூடாது.

உள்ளே எட்டிப் பார்க்க டாக்டருக்குச் சில நிமிஷம் போதும். அந்த நேரத்துக்கு நீங்கள் பேசக்கூட வேண்டாம்... 'ஈ...' என்று இழுத்தால் போதும்!