மணி நின்னா, கவுதாரி!

'பறவை வேட்டை' என்று பேச்செடுத்தால் போதும், எங்கள் ஆபீஸ் கேன்டீனில் உடனே இரண்டு கட்சி. ஒன்று, 'ஐயோ பாவம்' கட்சி. இன்னொன்று, 'மிளகு தூக்கலா போட்டு வறுத்தா எப்படி சார் இருக்கும்?' கட்சி. இரண்டு பேருக்கும் நாய் ஞாபகத்துக்கே வராது. துப்பாக்கிக்காரனுக்கு வேட்டையில் கிடைப்பது கடைசி இரண்டு விநாடிதான். அதற்கு முந்தின இரண்டு மணி நேரமும் நாயோட ராஜ்ஜியம். ருசியே அங்கேதான்!

சட்டத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகும் கவுதாரி, காடை, வாத்து மாதிரியானவற்றைச் சுட லைசென்ஸ் இருந்தது. 'சிறு வேட்டை' வகை. 1991-ல் சட்டத்தைத் திருத்தி அந்தக் கதவையும் இழுத்துச் சாத்திவிட்டார்கள். இன்றைக்குக் காட்டுக் கவுதாரி மேல் கை வைத்தால் ஜெயில் வரை போகலாம். இதைப் படித்த ஜோரில் யாராவது ஏர்கன்னைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால், தயவுசெய்து ஜாமீனுக்கு எனக்கு போன் பண்ணாதீர்கள். (ஓட்டலில் காடை ஃப்ரை தின்றவர்கள் பயப்பட வேண்டாம். அது பண்ணையில் வளர்ந்த ஜப்பான் காடை!)

நான் சொல்வது 1986-லிருந்து 90 வரை, ஜெகதாப்பட்டினத்தில் கழிந்த பொங்கல் லீவுகளைப் பற்றி.

ஜெகதாப்பட்டினம் தெரியும்தானே? புதுக்கோட்டை மாவட்டத்துக் கடற்கரை. கோட்டைப்பட்டினத்துக்குத் தெற்கே, மீமிசலுக்கு வடக்கே. 'மீனவர்கள் கைது' என்று டி.வி-யில் செய்தி வரும்போதெல்லாம் அடிபடுகிற பெயர். கிழக்கே பாக் விரிகுடாவும் விசைப்படகுகளும். மேற்கே திரும்பினால் பனை, உடைமரம், கருவேலம், நடுநடுவே கண்மாய். ஊரே கடலைப் பார்த்து நிற்பதால், முதுகுக்குப் பின்னால் இருக்கிற கவுதாரியை அதிகம் பேர் கண்டுகொள்வதில்லை. கண்டுகொண்டவர் என் மாமா. தொழில், படகுகளுக்கு ஐஸ் சப்ளை. வீட்டில் லைசென்ஸோடு ஒரு டபுள் பேரல். வாசலில் மணி.

மணி ஜாதி நாய் இல்லை. அப்பா யாரென்று தெருவுக்கே தெரியாது. அதற்கு முன்னால் மாமா ஆசைப்பட்டு, தெற்கேயிருந்து ஒரு கன்னி நாயை வாங்கி வந்து வைத்திருந்தார். கறுப்பு, ஒட்டின வயிறு, ஓடினால் அம்பு. ஆனால் கன்னியும் சிப்பிப்பாறையும் கண்ணால் வேட்டையாடுகிற நாய்கள். முயல் ஓடுவதைப் பார்க்கணும், விரட்டணும். அவ்வளவுதான் அவற்றுக்குத் தெரிந்த உத்தியோகம். கவுதாரி புதரிலிருந்து 'பர்ர்ர்'ரென்று கிளம்பியதும், நம்ம கன்னி வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இது என் டிபார்ட்மென்ட் இல்லை" என்று உட்கார்ந்துவிட்டதாம்!

வெள்ளைக்காரன் இதற்கென்றே நாய்களை உருவாக்கி வைத்திருந்தான். பாயிண்ட்டர், மோப்பம் பட்டதும் ஒரு முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு சிலையாகிவிடும். ஸ்பானியல், புதருக்குள் புகுந்து பறவையைக் கிளப்பும். ரிட்ரீவர், விழுந்ததைப் பல் பதியாமல் கவ்விக்கொண்டு வரும். ஆபீஸ் மாதிரியே தனித்தனி செக்‌ஷன். மணிக்கு மூன்று செக்‌ஷனும் அடிஷனல் சார்ஜ். சம்பளம், ராத்திரி மீன் குழம்புச் சோறு.

காலை அஞ்சரைக்கே கிளம்பணும். பனி ஈரம் இருக்கிறவரைதான் வாசனை தரையோடு ஒட்டிக் கிடக்கும். வெயில் ஏறினால் நாய் மூக்குக்கும் வேலை கஷ்டம். ஜனவரியில் அங்கே வடகிழக்குக் காற்று. நாய் முகத்தில் காற்று அடித்தால்தான் பறவையின் வாசனை அதற்கு வந்து சேரும். நம்ம வாசனை பறவைக்குப் போகாவிட்டாலும் நாய்க்குக் குறுக்கே நிற்காது. அதனால் முதலில் மேற்கே ரெண்டு கிலோமீட்டர் சுற்றிப் போவோம். பிறகு கடலைப் பார்த்துத் திரும்பி நடந்து வருவோம்.

இதில் ஒரு வேடிக்கை. அந்தக் காற்று எங்கேயிருந்து வருது? கருவாடு காய்கிற கடற்கரையிலிருந்து! எனக்கெல்லாம் மூக்கு முழுக்க நெத்திலிதான். நடுவில் ஆட்டுப் புழுக்கை, ஈர மண், டீசல். அத்தனையையும் ஒதுக்கிவிட்டு, நாற்பதடி தள்ளிப் புதரடியில் ஒடுங்கியிருக்கிற ஒரு கைப்பிடிப் பறவையை மணி தனியாகப் பிரித்து எடுக்கும். நம் மூக்கில் வாசனை அறிகிற செல்கள் சுமார் 50 லட்சம். நாய்க்கு 20 கோடிக்கும் மேலே என்று கணக்குச் சொல்கிறார்கள். கணக்கு கிடக்கட்டும், நேரில் பார்க்கணும் ஸார்!

முதலில் வால் சுற்றும் வேகம் மாறும். அப்புறம் குறுக்கும் நெடுக்குமாக ஓடிக்கொண்டிருந்த நாய் நேர்கோட்டுக்கு வரும். தலை தாழும். நடை பூனை நடையாகும். சட்டென்று நின்றுவிடும். வால் கம்பி மாதிரி. ஒரே ஒரு தடவை திரும்பி மாமாவைப் பார்க்கும். 'இங்கேதான். நீ தயாரா?'

"மாப்ளே, மூச்சு விடாதே" என்பார் மாமா, உதட்டை அசைக்காமல்.

அந்தப் பத்து விநாடியை நான் வேறெங்கும் அனுபவித்ததில்லை. கிரிக்கெட்டில் கடைசி பந்துக்கு நாலு ரன் என்றாலும், டி.வி-யை அணைத்துவிட்டுப் போக முடியும். இங்கே முடியாது. புதரில் ஒரு இலை அசையாது. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று மூன்று பேரில் ஒருத்தனுக்குத் தெரியும். அவனுக்குப் பேச வராது. அவனை நம்பி ரெண்டு மனுஷன் நிற்கிறோம்.

கவுதாரியும் லேசுப்பட்ட ஆளில்லை. அது பறக்க விரும்பாத பறவை. முடிந்தவரை ஓடிப் பார்க்கும். நாய் ஒரு பக்கம் நிற்கும்போதே புதரின் மறுபக்கம் வழியாக நழுவிவிடும். மணி சிலையாக நின்றதும் பாதி நாள் வெறும் புதர்தான். அப்போது அது எங்களைப் பார்க்கிற பார்வை இருக்கே, பிரின்டர் வேலை செய்யாதபோது மேனேஜர் முன்னால் நாம் நிற்போமே, அச்சு அசல் அது! மீதி பாதி நாள் காலடியில் வெடி வெடித்த மாதிரி நாலைந்து ஒன்றாகக் கிளம்பும். மாமா பெரும்பாலும் தவறவிடுவார். ஓடுகிற கவுதாரியைத் தரையில் வைத்துச் சுட மாட்டார். ரெண்டு கிடைத்தால் துப்பாக்கியை மடித்துவிடுவார். "தோட்டா விலை தெரியுமாடா?" என்பார். எனக்கென்னவோ காரணம் அது மட்டும் இல்லை.

புலி வேட்டைக்குப் பேர்போன ஜிம் கார்பெட், 15 ரூபாய்க்கு வாங்கிய ராபின் என்ற ஸ்பானியலுக்காக, 1944-ல் வெளியான தன் குமாவுன் ஆட்கொல்லிப் புத்தகத்தில் ஓர் அத்தியாயமே ஒதுக்கினார். ஏனென்று எனக்குப் புரிகிறது.

1991-க்கு அப்புறம் மாமா துப்பாக்கியைக் கொடுத்துவிட்டார். முனகினார்தான். ஆனால் அவருக்குப் போனது பொழுதுபோக்கு. பறவை பிடித்துப் பிழைத்த நரிக்குறவர்களுக்குப் போனது அடுப்பு. சட்டம் இரண்டு பேருக்கும் ஒரே வரியில் எழுதப்பட்டது.

பிரச்னை மணிக்கு. அதற்கு யார் கெஜட்டைப் படித்துக் காட்டுவது? விடியற்காலை வாசலில் வந்து நிற்கும். மாமா கையைப் பார்க்கும். சரி, சும்மா கூட்டிப் போவோம் என்றால், சட்டப்படி பறவையை விரட்டுவதே வேட்டைதான். துப்பாக்கியே வேண்டாம். கடைசியில் ஐஸ் பெட்டி கட்டுகிற நைலான் கயிற்றில் ஒரு பத்தடி வெட்டி மணிக்குக் கட்டினார். வாசனை பட்டு மணி நின்றதும் நாங்களும் அங்கேயே உட்கார்ந்துவிடுவோம். சுட வேண்டியதில்லை என்பதால் அவசரமும் இல்லை.

அப்போதுதான் கவனித்தேன். அஞ்சு வருஷம் பின்னாலேயே போயும் நான் பார்த்ததெல்லாம் கவுதாரியின் முதுகுதான்! அது கறையானைக் கொத்துவதையும், மண்ணில் புரண்டு குளிப்பதையும், ஆண் கவுதாரி மண்மேட்டில் ஏறித் தொண்டை கிழியக் கூவுவதையும் கயிறு வந்த பிறகுதான் பார்த்தேன். சாலிம் அலியும் சிறு வயதில் பம்பாய்ப் பக்கம் ஏர்கன்னால் ஒரு சிட்டைச் சுட்டுவிட்டு, தொண்டையில் ஏன் மஞ்சள் என்று கேட்கப் போய்த்தான் பறவைக்காரர் ஆனார். ஆனால் அவர் சாலிம் அலி. நான் கிளார்க் ஆனேன்.

துப்பாக்கி போனதில் குறைந்தது என்ன என்று யோசித்திருக்கிறேன். ஒரு 'டமால்', ஒரு குழம்பு. மணி நின்ற அந்தப் பத்து விநாடி அப்படியே இருந்தது.

இன்றைக்கு சென்னை ஃப்ளாட்களில் லாப்ரடாரும் காக்கர் ஸ்பானியலும் சோபாவைக் கடித்துக் குதறுகின்றன. கடிக்காமல் என்ன செய்யும்? லாப்ரடாரின் முப்பாட்டன்கள் நியூஃபவுண்ட்லாந்து மீனவர்களோடு தண்ணீரில் குதித்த நாய்கள். பிற்பாடு பிரிட்டனில் வாத்து வேட்டைக்குப் பழக்கினார்கள். அந்த மூக்கை மூன்றாவது மாடியில் பூட்டி வைத்துவிட்டு, பிஸ்கெட் போட்டால் தீருமா? ஞாயிற்றுக்கிழமை பத்து ஷூ டப்பாவை வரிசையாக வையுங்கள். ஒன்றில் மட்டும் ஒரு துண்டு கருவாடு. நாயை விட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு கவனியுங்கள். வால் எப்போது மாறுகிறது, தலை எப்போது தாழ்கிறது என்று கண்டுபிடிக்க முடிகிறதா பாருங்கள். கால் மணி நேரத்தில் நாய் அசந்து தூங்கும். வீட்டு அம்மாதான் தூங்க மாட்டார்கள். ஷூ டப்பாவுக்குள் நெத்திலி வாசனை ஒரு வாரம் இருக்கும், சொல்லிவிட்டேன்!