மனநல கிளினிக்குக்கு முதற் தடவை போகும்போது

சீனி வருத்தத்துக்கும் நெஞ்சு நோவுக்கும் வைத்தியரிடம் போகும் நாம், மாதக்கணக்காக நித்திரையில்லாமல் கிடப்பவரை மட்டும் "யோசனை கூடிப் போச்சு" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வட்டையை விட்டு ஓடிவந்தவர்களும், 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடலுக்கு உறவுகளைப் பறிகொடுத்தவர்களும் நமது கரையோர ஊர்களில் அநேகர். இவர்களில் உதவி தேவைப்படுகிறவர்கள் போகாதிருப்பதற்கு இரண்டு காரணங்கள் சொல்லப்படுகின்றன: காசில்லை, ஊர் என்ன சொல்லும்.

முதலில் காசைப் பார்ப்போம். கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையும் அரசாங்கத்தினுடையவை. அங்கே வைத்தியரைக் காண்பதற்குக் கட்டணம் இல்லை. மருந்து எழுதுபவர் மனநல வைத்தியர். பேசி ஆற்றுப்படுத்துபவர் உளவியலாளர் அல்லது உளவளத்துணையாளர். யாரிடம் போவதென்று தெரியாவிட்டால் வெளிநோயாளர் பிரிவில் கேளுங்கள். பிரதேச செயலகத்திலும் உளவளத்துணை உத்தியோகத்தரைப் பற்றி விசாரிக்கலாம். அதற்கும் பணம் இல்லை.

ஆகவே உண்மையான செலவு பஸ் காசும், இழக்கும் ஒருநாள் கூலியும், துணைக்கு வருபவரின் கூலியும்தான். கிளினிக் எந்த நாளில், எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே விசாரித்துக்கொண்டால் வீண் பயணம் மிஞ்சும். அந்தச் சிறு தொகையை மாதர் சங்கச் சேமிப்பிலிருந்து கடனாகப் பெறலாம். பள்ளிவாசல் நிர்வாகத்திடம் "வைத்தியச் செலவு" என்று கேட்டால் போதும். நோயின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. தனியாரிடம் சனல் பண்ணுவதாயின், வைத்தியரின் கட்டணம் எவ்வளவு, நிலையத்தின் கட்டணம் எவ்வளவு, மறுமுறை வர வேண்டுமா என்று பணம் கட்டுமுன் கேளுங்கள். முதல் நாளுக்காக நகையை அடகு வைக்காதீர்கள்.

போகும்போது அடையாள அட்டை, முன்பு எடுத்த மருந்துத் துண்டுகள் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். எப்போது தொடங்கியது, நித்திரை எப்படி, சாப்பாடு எப்படி என்று நாலு வரி எழுதிவைத்தால் அங்கே போய்த் தடுமாற வேண்டியதில்லை. வீட்டாரின் முன் சொல்ல முடியாதது இருந்தால், "தனியே பேச வேண்டும்" என்று கேட்கலாம். ஒரே நாளில் சுகம் வராது. மருந்து தந்தால் சொந்த எண்ணத்தில் நிறுத்த வேண்டாம். ஒத்துக்கொள்ளாவிட்டால் திரும்பிப் போய்ச் சொல்லுங்கள்.

இனி, ஊர்ப்பேச்சு. ஓதிப் பார்ப்பதை விட்டுவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. ஓதிய தண்ணீரைக் குடித்துக்கொண்டே காய்ச்சலுக்கு மருந்தும் எடுக்கிறோமல்லவா? இதுவும் அப்படியே. நாலு நாள் பேசும் ஊர், பிறகு தன் வேலையைப் பார்க்கும்.

ஒருவர் "இனி வாழ்ந்து என்ன" என்று சொல்லத் தொடங்கினால் கிளினிக் நாளுக்காகக் காத்திருக்கக் கூடாது. கிருமிநாசினிப் போத்தலை அவர் கைக்கு எட்டாமல் வைத்துவிட்டு, அவரைத் தனியே விடாமல் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். தற்கொலை முயற்சி குற்றமென்ற சட்டம் 1998ஆம் ஆண்டே நீக்கப்பட்டது. வழக்குக்குப் பயந்து மறைக்க வேண்டாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் இரவும் பகலும் இயங்குகிறது.

வீட்டில் நித்திரையின்றி வாடுபவர் இருந்தால், இந்தக் கிழமையே ஒருவர் போய்க் கிளினிக் நாளை விசாரித்து வாருங்கள். நோயாளி வருவதற்கு முன் வீட்டார் ஒருவர் எடுத்துவைக்கக்கூடிய அடி அது.