புகையானும் வரப்புப் புல்லும்

மருந்து அடிக்காத வயலில் பூச்சி அதிகமாகத்தான் இருக்கும். மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அது என்ன பூச்சி என்று குனிந்து பார்க்கணும்.

நெல் வயலில் தக்கைப்பூண்டும் தொழுஉரமும் மட்கும்போது, அதைத் தின்று கொசு மாதிரி சின்னப் பூச்சிகள் ஏராளமாகக் கிளம்பும். இவை பயிரைத் தொடாது. சிலந்திக்கும் தட்டானுக்கும் இவைதான் முதல் சாப்பாடு. புகையான் வந்து சேருமுன்பே சிலந்திகள் இதைத் தின்று பெருகி நிற்கும்.

நட்ட 20-ம் நாள் இலைச்சுருட்டுப் புழுவைப் பார்த்துப் பயந்து மருந்து அடித்தால் இந்தப் படை போச்சு. அந்த வயசில் இலை போனாலும் பயிர் தேறிக்கொள்ளும், சிலந்தி தேறாது. புகையான் முட்டையை இலையுறைக்குள் செருகி வைக்கிறது, மருந்து அங்கே எட்டாது. ஒரு வாரம் பத்து நாளில் குஞ்சு வெளியே வரும்போது அதைத் தின்ன ஆளில்லை. அப்புறம்தான் வயல் வட்டம் வட்டமாகத் தீய்கிறது. இந்தோனேசியா இதைப் பட்டுத் தெரிந்துகொண்டது. மானியம் கொடுத்து மருந்து விற்ற அந்த நாடே 1986-ல் நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தது.

நம்ம அக்னி அஸ்திரத்தையும் இஷ்டத்துக்கு அடிக்க வேண்டாம். அதில் இருக்கிற புகையிலை நல்லது கெட்டது பார்த்துக் கொல்லாது.

களையில் நம்ம பாடு கஷ்டம்தான். களைக்கொல்லிக்காரருக்கு ஒரு நாள் வேலை, நமக்கோ ஆள் கூலி. புதிதாக மாறியவர் மனம் தளருவது இங்கேதான். ஆனால் ஒரே களைக்கொல்லியை வருஷா வருஷம் அடித்தால், அதற்குச் சாகாத களை மட்டும் மிஞ்சிப் பெருகும். பிறகு இன்னொரு டப்பா வாங்கணும். 25 செ.மீ. சதுர நடவு போட்டு, 10-ம் நாளிலிருந்து பத்து நாளுக்கு ஒரு தடவை கோனோவீடர் ஓட்டினால் களை சேற்றில் அமுங்கி உரமாகும்.

வரப்பை மட்டும் மொட்டையடிக்காதீர்கள். புகையான் முட்டையை அழிக்கும் குட்டிக் குளவிக்கு வரப்புப் பூவில்தான் தேன். தட்டைப்பயறு ஊன்றுங்கள். புல்லை விதை கட்டுமுன் அறுத்து மாட்டுக்குப் போடுங்கள்.

புகையான் தெரிந்தால் முதலில் எண்ணுங்கள். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால், தூருக்கு 2 பூச்சி வரை பொறுக்கலாம். அதைத் தாண்டினால் தண்ணீரை வடியுங்கள். அடுத்த நடவில் எட்டடிக்கு ஓரடி பட்டம் விடுங்கள், தூருக்குள் வெயிலும் காற்றும் போகட்டும்.